பிரித்துப் படிக்கும் அய்யாவுக்கும்

நைனார்பாளையம்
14.7.2024

அன்பு மகன் தமிழழகனுக்கு அப்பா வேடியப்பன் எழுதிக்கொள்வது. உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே தங்கச்சி வாணி சுகம், அம்மா சுகம், காதைத் தவிர நானும் சுகம். இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் அய்யாவுக்கும் வணக்கம். அய்யா, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். பத்தாவதில் மூன்று முறை ஃபெயிலான கை.

போன வாரம் நீ அங்கிருந்து போன் பண்ணினாய். நான் 'அலோ, அலோ' என்று கத்தினதில் தெருவே கூடிவிட்டது. நீ பேசினது மட்டும் என் காதுக்குள் வரவில்லை. இருபத்தாறு வருடம் மைக்செட் போட்டு, குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினவன் காது அவ்வளவுதான். அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "ஒரு உசுர எடுத்தவங்கூட எனக்கு இன்னா பேச்சு" என்று உள்ளே போய்விட்டாள். மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆகவே இனிமேல் கடிதம்தான்.

மைக்செட்டை மூடிவிட்டேன். குழாய்களைக் கவிழ்த்துப் போட்டதில் கோழிகள் அடைகின்றன. மக்காச்சோளக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறேன்.

ஒரு விஷயம். அன்றைக்குத் திருவிழாவில் நான் எந்த இடத்தில் இருந்தேன் என்பதை டவுனில் ஓர் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். உன் சம்மதம் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா வேடியப்பன்


மத்திய சிறை
29.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? இரண்டு வேளையும் ஊசி போடுகிறீர்களா?

தீர்ப்பு நகல் கையில் வந்துவிட்டது. 'எதிரி தமிழழகன் அனுமதியின்றி ஏணி வைத்து ஏறி, மின்கம்பியில் கொக்கி போட்டு மைக்செட்டுக்கு மின்சாரம் எடுத்தார். மழையில், ஸ்பீக்கர் கட்டியிருந்த இரும்புக் குழாயைத் தொட்ட கல்வராயன்மலை சடையன் இறந்தார். குற்றத்தை எதிரி தானே ஒப்புக்கொண்டார். தந்தை அச்சமயம் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்.' மூன்று வருடம். இதில் மாற்ற ஒன்றும் இல்லை. நீங்கள் எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம்.

உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். பரண் மேல் நீல அட்டை போட்ட புத்தகம் இருக்கும். பாலிடெக்னிக்கில் ரேடியோ கிளப்பில் இருந்தபோது வாங்கினது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு உள்ளது. பாஸானால் அரசாங்கமே உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி தரும். சொந்த செட்டில் எந்த ஊரோடும் பேசலாம். இத்தனை படித்திருக்க வேண்டும் என்று இல்லை. நான் எழுத வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் சாரிடம் என் பெயரைச் சொன்னால் சொல்லித் தருவார்.

பாஸ் பண்ணிவிட்டு எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் போங்கள். அதுவரை போவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுங்கள்.

எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர். காலில் புண். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகன்,
தமிழழகன்


நைனார்பாளையம்
18.8.2024

அன்பு மகனுக்கு அப்பா. மழை பிடித்துக்கொண்டது, அங்கே போர்வை கொடுக்கிறார்களா? எனக்கு ஊசி வாணிதான் போடுகிறாள். பன்னிரண்டாவது படிக்கும்போதே நர்சாகிவிட்டாள். அய்யாவுக்கும் வணக்கம்.

நீ எழுதின தீர்ப்பை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்குக் கஞ்சி உள்ளே போனதா இல்லையா என்பது என் வயிற்றுக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன். பாஸாகும்வரை போகமாட்டேன். பாஸானால் போவேன், நீ மறிக்கக் கூடாது. நீ கெட்டிக்காரன்டா. பத்தாவதே தாண்டாதவனுக்குப் பரீட்சை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் வீட்டை விட்டு நகரமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். வாணி படித்துச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். கெப்பாசிட்டர் எனக்குப் பழைய சிநேகிதன், ஆம்ப்ளிஃபயரில் எத்தனை வெடித்திருக்கிறது. மற்றவர்களோடுதான் இன்னும் பழக்கமில்லை.

தீனதயாளன் சார் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்து லேப்பில் வேலை பார்க்கிறார். வயது என்னில் பாதி. அவர் என்னை 'ண்ணா' என்கிறார், நான் அவரை 'சார்' என்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் குறியைச் சொல்லி, ஒரு நிமிடம் பேசிப்பார்க்கக் கொடுத்தார். மைக்கைக் கையில் வாங்கினதும் பழக்கதோஷம். இரண்டு தட்டுத் தட்டி, ஃபூ ஃபூ என்று ஊதி, "அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ, விழாக் கமிட்டியார் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்றேன். அந்தப் பக்கம் பெங்களூரில் ஒரு பெரியவர். அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"இன்னா சார் சொல்றாரு?"

"எந்தக் கமிட்டின்னு கேக்குறாருண்ணா."

இங்கிலீஷ் எழுத்துகளைத் தப்பில்லாமல் சொல்ல உலகத்துக்கே ஒரு வாய்பாடு இருக்கிறதாம். எழுதிப் பழகுகிறேன், நீ சரிபார்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட்.

இப்படிக்கு,
அப்பா


மத்திய சிறை
22.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் ஒரு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. கடைசி வரி மேல் கறுப்பு மை பூசியிருந்தது. கடிதம் பார்க்கிற அய்யா என்னைக் கூப்பிட்டு, "இன்னாடா இது சங்கேதம்? சார்லி யாரு? வெளிய இருக்கானா, உள்ள இருக்கானா?" என்று கேட்டார். அது சி என்ற எழுத்து என்றேன். நம்பவில்லை. விழாக் கமிட்டி பக்கத்தைப் படித்துப் பாருங்கள் என்றேன். படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் வராந்தாவில் பார்த்தால் "உங்கப்பன் பரீட்சை எப்போ?" என்கிறார்.

நிதானமாகப் படியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. அடுத்த வருடம் எழுதினால்கூடப் போதும்.

நான் சொன்ன பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அவருடைய தட்டு இன்னும் என் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அம்மா ஏதாவது சொன்னாளா?

மகன்,
தமிழழகன்


நைனார்பாளையம்
9.12.2024

அன்பு மகனுக்கு. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் கடிதம் வந்ததே பிந்தி, பிறகு புயல் மழையில் மூன்று நாள் கரண்டும் இல்லை, தபாலும் இல்லை, அதனால்தான் தாமதம். பின்பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டது. கோழிகள் குழாய் ஸ்பீக்கருக்குள் இருந்ததால் பிழைத்தன. அய்யாவுக்கும் வணக்கம். பரீட்சை எப்போது என்று விசாரித்ததற்கு நன்றி. முடிந்துவிட்டது அய்யா.

போன மாதம் தீனதயாளன் சார்தான் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். என்னை வாட்ச்மேன் என்று நினைத்து ஒரு பெண் பாத்ரூம் எங்கே என்று கேட்டது. தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொன்னேன் என்று வைத்துக்கொள்.

அப்படியும் இல்லை. ரேடியோ பாடத்தில் தேறிவிட்டேன். சட்டப் பாடத்தில் போய்விட்டது. இரண்டிலும் தேறினால்தான் பாஸ்.

"சட்டம்னா சும்மா மனப்பாடம்ண்ணா. அதுல போயி வுட்டியேண்ணா" என்றார் சார். அவருக்கு எப்படிச் சொல்வது.

அம்மா உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா


மத்திய சிறை
14.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். தோற்றதைப் பற்றி வருத்தமே வேண்டாம். முதல் தடவையில் யாரும் பாஸாவதில்லை. மே மாதம் எழுதலாம். அப்போதும் வராவிட்டால் அதற்கு அடுத்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் அப்பா, தடையே இல்லை. சுவரை வெயில் வந்ததும் வையுங்கள். நான் மிக நன்றாக இருக்கிறேன். இந்த வாரம் முட்டை கொடுத்தார்கள்.

தமிழழகன்


நைனார்பாளையம்
2.2.2025

அன்பு மகனுக்கு அப்பா. இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். அய்யாவுக்கும் வணக்கம்.

நான் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். என் பத்தாவது வாத்தியார்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

சட்டத்தைத் திரும்பப் படிக்கிறேன். பேச ஆரம்பிக்கும்போது தன் குறியைச் சொல்ல வேண்டும், முடிக்கும்போதும் சொல்ல வேண்டும். இன்னொருத்தன் குறியைத் தன்னுடையது என்று சொல்லக் கூடாது. ரகசிய பாஷை கூடாது. யாரெல்லாமோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தே, எல்லோருக்கும் விளங்குகிறபடி பேச வேண்டும். வாணி கேட்கக் கேட்க ஒப்பிக்கிறேன்.

எர்த் என்று ஒரு பாடம். முன்னே வேகமாகத் தாண்டிவிட்டேன், இப்போது நின்று படித்தேன். மண்ணில் ஆழமாக ஒரு குழாய், அதைச் சுற்றிக் கரி, உப்பு; கசிகிற கரண்ட் ஆளைத் தொடாமல் அதில் இறங்கிவிடும். ஒரு மணி நேர வேலை. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு திருவிழாவிலும் அதைச் செய்ததில்லை. கமிட்டிக்காரர்கள் பாட்டு எங்கே, பாட்டு எங்கே என்று நிற்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சார் என்னை மலைக்குக் கூட்டிப்போனார். மேலே போனால் இரைச்சல் கம்மி, தூரத்துப் பேச்சு சுத்தமாகக் கேட்கும் என்றார். வெள்ளிமலை தாண்டி மரவள்ளிக் காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு பலா மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் ஏரியல் கம்பி இழுத்தோம். காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண் வந்து பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"நீ மைக்செட்டுக்காரன்தானே. கோர்ட்டுல பாத்தேன்."

செவ்வந்தி. சடையன் சம்சாரம்.

நான் கையைக் கூப்பியபடி நின்றேன். சார் விஷயம் தெரியாமல், "யம்மா, இந்தக் கம்பிய கொஞ்சம் புடிச்சிக்கினு அந்த மரத்தாண்ட போறியா?" என்றார்.

"அதுல கரண்டு வருமா?"

"வராதும்மா. வெறும் கம்பி."

அவள் கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு நீட்டினாள், அப்போதும் தொட முடியவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவித்த கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். "உம் மவன் எப்டி இருக்கான்?" என்று கேட்டாள். "அன்னிக்கு அத்தினி பேரு இருந்தாங்க. அல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னாங்க. உம் மவன் ஒருத்தன்தான் நாந்தான்னான். அதுக்கோசரம்தான் அவன நான் சபிக்கல. துன்னு."

இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவதை வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். சார் ஹெட்போனை என் தலையில் மாட்டினார். நல்ல சுத்தமாகக் கேட்கிறது என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா


மத்திய சிறை
20.2.2025

அப்பா,

இனிமேல் மலைக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரேடியோவும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுங்கள்.

தமிழழகன்


நைனார்பாளையம்
25.5.2025

அன்பு மகன் தமிழழகனுக்கு அப்பா வேடியப்பன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வாணிக்குக் கள்ளக்குறிச்சியிலேயே நர்சிங் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எனக்குச் சுண்டுவிரலில் சின்னப் புண், ஆறிவிடும். அய்யாவுக்கும் வணக்கம், அய்யாவுக்கு ஒரு சேதி. பாஸ்.

இரண்டு பாடத்திலும். சட்டத்தில்தான் மார்க் ஜாஸ்தி.

வாணி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அம்மா கேசரி கிண்டி எனக்கு ஒரு கரண்டிதான் கொடுத்தாள், சர்க்கரை என்று. ஊரில் என்னை இப்போது 'கலெக்டர்' என்று கூப்பிடுகிறார்கள்.

லைசென்சுக்கு விண்ணப்பம் போட, நான் நல்லவன் என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் சார். ஹெட்மாஸ்டர் காசிநாதன் அய்யாவிடம் போனேன். மூன்று தடவை என்னை ஃபெயிலாக்கின பள்ளிக்கூடம்தான். "உனக்குப் போடாம வேற யாருக்குப்பா போடுவேன்" என்று படித்துக்கூடப் பார்க்காமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். 'இவர் நன்னடத்தை உடையவர் என்று சான்றளிக்கிறேன்.' வெளியே வேப்பமரத்தடியில் நின்று அதை நாலு தடவை படித்தேன்.

வாக்கு வாக்குதான் தம்பி. பாஸாகிவிட்டேன். உன் பதில் வந்ததும் போகிறேன்.

அப்பா


நைனார்பாளையம்
20.7.2025

மகனுக்கு. சுகமா என்று கேட்டு ஜூனில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஜெயில் ஆபீசில் போனை எடுத்தவர் வாணியிடம் சொன்னார். அப்படியானால் நீ வேண்டுமென்றே எழுதவில்லை. பதில் வந்தால்தானே போவேன் என்று சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டாய். கெட்டிக்காரன்டா நீ.

இனி காத்திருக்கவில்லை. போன திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் ஒரு வரிகூட எழுதவில்லை. "புள்ளையக் காப்பாத்த அப்பன் வந்து நிக்கிறது நாங்க மாசத்துக்கு நாலு பாக்குறோம். தீர்ப்பே ஆயிடுச்சு பெரியவரே. வூட்டுக்குப் போயி மாத்திர போட்டுக்கினு படு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சர்க்கரை போட்ட டீ. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. "ஒரு வருசமா எம் புள்ளைகிட்ட பேசாம இருக்க வுட்டியே" என்றாள். இரவு எனக்குச் சோறு போட்டாள், ஊசிக்கு நேரமாகிறது என்று வாணியைக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருகிறாள்.

மறுநாள் மலைக்குப் போனேன். செவ்வந்தியிடமும் சொன்னேன். கிழங்குக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "இத்தினி நாளு கழிச்சி எதுக்குச் சொல்ற. உம் மவன நம்பிக்கினு இருந்தேனே" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டாள். கால் மணி நேரம் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.

இனிமேல் எழுதுவது உனக்கு அல்ல தம்பி.

இதைப் பிரித்துப் படிக்கும் அய்யாவுக்கு வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக என் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்த சர்க்கார் உத்தியோகஸ்தர் நீங்கள் ஒருவர்தான். இதையும் படிக்க வேண்டியது உங்கள் டூட்டி, பாதியில் எழுந்து போகச் சொல்ல முடியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதில் சங்கேதம் எதுவும் இல்லை. லைசென்ஸ் இன்னும் வரவில்லை, எனக்கென்று குறி கிடையாது, ஆகவே பெயரைச் சொல்கிறேன்.

பேசுவது நைனார்பாளையம் வேடியப்பன். அன்றைக்கு ஜெனரேட்டர் கிளம்பவில்லை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. "வேணாம்ப்பா, மழை வருது" என்று என் மகன் இரண்டு தடவை சொன்னான். நான் கேட்கவில்லை, காதிலும் சரியாக விழவில்லை. ஏணியில் ஏறிக் கொக்கி போட்டவன் நான். எர்த் போடாதவன் நான். ஏணியைப் பிடித்திருந்தவன் என் மகன். கஞ்சி குடிக்க யாரும் போகவில்லை. நான் உள்ளே போனால் பிழைக்கமாட்டேன் என்று அவன் என்னைப் பேசவிடாமல் முந்திக்கொண்டான், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இதில் உங்கள் முத்திரையைக் குத்தி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பவும். முடிப்பது வேடியப்பன்.


மத்திய சிறை
9.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். புண் ஆறிவிட்டதா?

உங்கள் கடிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை. கடிதம் பார்க்கிற அய்யா கூப்பிட்டார். "உங்கப்பா லெட்டர் வந்துச்சு. தர முடியாது, மேல அனுப்பிட்டேன்" என்றார். போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு சுகர் எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

இதனால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. வக்கீலைக் கேட்டால், நான் வெளியே வருவது நிச்சயமில்லை, நீங்கள் உள்ளே வருவதற்குத்தான் வழி அதிகம் என்கிறார்.

அம்மா வந்திருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நேரம் முடியும்வரை பேசவில்லை. மணி அடித்த பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

யாராவது வீட்டுக்கு வந்தால் அலையவிடாமல் ஒரு பையை இப்போதே எடுத்து வையுங்கள். டாக்டர் சீட்டு எல்லாம் இரண்டு நகல். மருந்தை இங்கே அவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள், வேளைக்கு வராவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். காலுக்கு மெத்தென்ற செருப்பு. நீலப் புத்தகத்தை உள்ளே விடுவார்கள், கெட்டி அட்டைக்கு அனுமதி இல்லை, அதைக் கழற்றிவிடுங்கள். யாராவது ஏதாவது கேட்டு, உங்களுக்குக் காதில் விழவில்லை என்றால் விழவில்லை என்று சொல்லுங்கள். வழக்கம்போலத் தலையை ஆட்டாதீர்கள். இங்கே தலையை ஆட்டினால் ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள்.

இதைப் பிரித்துப் படிக்கும் அய்யாவுக்கும் வணக்கம்.

அன்றைக்கு ஏணி ஆடவில்லையே அப்பா? மண் சகதியாக இருந்தது. கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்.

மகன்,
தமிழழகன்